மதுரையைப் படம் பிடித்த கேப்டன்

மாலை நேரத்தில் திருநெல்வேலி டவுண் வாகையடி முக்கில் நின்று, செல்போனில் ஒரு படம் எடுங்கள். ஆட்டோ, சைக்கிள், நெல்லையப்பர் கோயிலுக்குப் போகும் கூட்டம் எல்லாமே நொடியில் பதிந்துவிடும். ஆனால், 1858ல் மதுரையில் எடுத்த பல படங்களில் ஆள் நடமாட்டமே தெரியாது. மதுரை அப்போதும் கலகலப்பான ஊர்தான். பிறகு ஏன் அப்படி?

அந்தப் படங்களை எடுத்தவர் லின்னேயஸ் டிரைப். 1822ல் இங்கிலாந்தில் பிறந்தார். இளம் வயதிலேயே கிழக்கிந்திய கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். விடுமுறையில் தாய்நாடு சென்றபோது புகைப்படக் கலையைக் கற்றார். 1855ல் பர்மா சென்று, அங்குள்ள கோயில்களையும் கட்டடங்களையும் படம் எடுத்தார். 1856ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் ஆனார்.

அன்றைய கேமரா பெட்டி போலப் பெரியது. பிலிம் கிடையாது. காகிதத்தில் மெழுகு ஏற்றி, வெள்ளி உப்புக் கரைசலில் நனைத்துப் பயன்படுத்தினார். அதில் ஒளி பதியப் பல நிமிடங்கள் ஆகும். அசையாத தூண் அழகாகப் பதியும். நடந்து போகிறவர் பதியமாட்டார். தெருக்கள் காலியாகத் தெரிந்த ரகசியம் இதுதான்! வானமும் வெறுமையாக விழுந்ததால், சில படங்களில் தூரிகையால் மேகம் வரைந்து சேர்த்தார்.

மூட்டை முடிச்சுகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மதுரையில் மீனாட்சி அம்மன் கோயில், புதுமண்டபம், தெப்பக்குளம் ஆகியவற்றைப் படமாக்கினார். திருமலை நாயக்கர் மகால் அப்போது சிதைந்து கிடந்தது. அதையும் அப்படியே எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றாக ஒட்டினார். அதன் நீளம் சுமார் 19 அடி!

ஆனால், இந்த வேலைக்குச் செலவு அதிகம் என்று நினைத்தார் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன். 1859ல் அதை நிறுத்தச் சொன்னார். டிரைப் படைப் பணிக்கே திரும்பினார். அதன் பிறகு அவர் எடுத்த படங்கள் மிகக் குறைவு. 1902ல் காலமானார்.

நாயக்கர் மகாலைப் பின்னாளில் ஆளுநர் நேப்பியர் பழுது பார்த்தார். அதற்கு முன் மகால் இருந்த கோலத்தை இன்று நாம் காண முடிகிறதே, அது டிரைப்பின் உழைப்பால்தான். வீண் செலவு என்று நிறுத்திய வேலைதான் இன்று விலை மதிப்பற்ற வரலாறு.

உங்கள் தெருவிலும் ஒரு பழைய திண்ணை வீடு இருக்கலாம். இடிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து, தேதியும் எழுதி வையுங்கள். நீங்கள் பெரியவர்களாகும்போது அதன் அருமை தெரியும்.