சென்னை நகரின் முதல் மேயர்

திருவாலங்காட்டை அடுத்த பழையனூரிலே, தாம் வணிகனுக்கு அளித்த பிணைமொழி பிழைபட்டதென்றறிந்த எழுபது வேளாளர் தீயிற் புகுந்தனர் என்னும் வரலாற்றை நாம் இளமை முதற் கேட்டிருக்கின்றோம். பிறர் வழக்கைத் தீர்ப்போர் தம் சொல்லுக்குத் தாமே பிணையாவர் என்பதே அதன் கருத்து. அக்கருத்தை மனத்திற் கொண்டு, நம் மாநிலத்து மேயர் நியாயஸ்தலத்தில் முதன்முதல் தலைமை வகித்த நதானியேல் ஹிக்கின்ஸன் என்பாரது சரிதத்தைச் சிறிது நோக்குவோம்.

இவர் 1652-ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள கில்போர்டு என்னும் ஊரிற் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் சேலம் நகரத் திருச்சபையின் போதகர்கள். ஹார்வர்டு கல்லூரியில் 1670-இல் பட்டம் பெற்ற இவர், இங்கிலாந்து சென்று சில காலம் ஊழியம் புரிந்து, பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் சேவையில் அமர்ந்து சென்னை வந்து சேர்ந்தார்.

1687 டிசம்பரில் பிறந்த சாசனத்தின்படி, 1688 செப்டம்பர் 29-இல் சென்னை நகராண்மைக் கழகம் தொடங்கிற்று. ஹிக்கின்ஸன் மேயரானார். அவருடன் 12 ஆல்டர்மென்கள் அமைந்தனர்; அவர்களுள் ஆங்கிலேயரோடு பிற ஐரோப்பிய வணிகரும், ஆலங்காத்தா பிள்ளை முதலிய இந்நாட்டு வணிகரும் இருந்தனர். மேயரும் ஆல்டர்மென்களும் கூடிய சபையே சிவில், கிரிமினல் வழக்குகளை விசாரித்தது. அதன் தீர்ப்பின்மேல் அட்மிரால்டி நியாயஸ்தலத்திற்கு அப்பீல் உண்டு.

ஆயினும் ஒரு குறை இருந்தது. அச்சாசனம் கம்பெனியாரே வழங்கியது. மேயரோ அவர்தம் ஊழியர். கம்பெனியின் நலமும் குடியானவன் நியாயமும் மாறுபடின், ஒருவரே இரண்டிற்கும் எங்ஙனம் உண்மையாயிருத்தல் கூடும்? அரசரின் சாசனத்தால் அச்சபை புதிதாய் அமைந்தது 1726-இலேயாம்.

1692 அக்டோபரில் ஹிக்கின்ஸன் கவர்னரானார். அவ்வாண்டிலேயே சேலம் நகரில் சூனியக்காரர் எனப் பலர் மீது வழக்குத் தொடரப்பட்டு, 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். இவர் உடன்பிறந்தாள் ஆன் என்பாளும் குற்றஞ்சாட்டப்பட்டு, உயிர் தப்பினாள். கீழ்த்திசையில் நீதி வழங்கியவரின் தங்குடும்பமே மேல்திசையில் அநீதியின் வாயிலில் நின்றது!

1693-இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகிய ஊர்கள் இவர் ஆட்சியிற் கம்பெனி வசமாயின. 1698-இல் பதவி நீங்கிய இவர், இங்கிலாந்து திரும்பி, 1708-இல் லண்டன் நகரிற் காலமானார். மேயர் நியாயஸ்தலமும் 1798-இல் ரிகார்டர் நியாயஸ்தலத்திற்கு இடமளித்து மறைந்தது.

மாணவ நண்பர்காள்! உங்களுட் சிலர் நாளை நீதிபதியாகலாம். பலர் ஊர் மன்றங்களில் அமரலாம். ஊதியம் அளிப்போர் யாவராயினும், தீர்ப்புக்குப் பிணை நும் மனச்சான்றே என்பதைப் பழையனூரார் நமக்கு என்றும் நினைவூட்டுவாராக.