ஒளியைத் தராசாகக் கொண்ட தமிழர்

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், ஸ்ரீரங்கத்தை அடுத்து விளங்கும் திருவானைக்காவல் பஞ்சபூத ஸ்தலங்களுள் நீருக்கு உரியது. அவ்வூரில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் 1888-ம் வருஷம் நவம்பர் 7-ந் தேதி பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன், பிற்காலத்தில் நீரின் இயல்பை ஆராய்ந்து உலகப் புகழ் எய்தும் வழியைக் கண்டார் என்பது நினைக்குந்தோறும் மகிழத்தக்கது.

1907-ல் நிதி இலாகாப் பரீட்சையில் முதலிடம் பெற்றுக் கல்கத்தாவில் உயர்ந்த உத்தியோகத்தில் அமர்ந்த ராமன், காரியாலய வேலை ஒழிந்த நேரமெல்லாம் விஞ்ஞான அபிவிருத்திச் சங்கத்தின் ஆராய்ச்சிசாலையிலே கழித்தார். மகேந்திரலால் சர்க்கார் என்னும் தேசாபிமானி 1876-ல் நிறுவிய சங்கம் அது. 1917-ல் சர்வகலாசாலையின் பாலித் ஆசிரியர் பதவி அவரை நாடி வந்தது. அன்னிய நாட்டில் பயிற்சி பெற்று வரவேண்டும் என்ற நிபந்தனைக்கு அவர் இணங்கவில்லை, நிபந்தனைதான் தளர்ந்தது. சம்பளக் குறைவையும் பொருட்படுத்தாமல் சர்க்கார் உத்தியோகத்தைத் துறந்தார்.

ஒரு திரவத்தின் அடர்த்தியைத் தராசும் மிதவைமானியும் காட்டும். ஆனால் அவை காட்டுவது சராசரியையே. அணுத்திரள்களின் ஓயாத சலனத்தால், கண்ணுக்கெட்டாத நுண்ணிய இடங்களில் அடர்த்தி கணந்தோறும் ஏறி இறங்குகிறது. அதை அளக்கும் கருவியாக ராமன் கொண்டது ஒளியே. 1921-ல் இங்கிலாந்து சென்று திரும்புகையில், வானத்தின் பிரதிபலிப்பே கடலின் நீலம் என்ற ராலே பிரபுவின் கொள்கையைக் கப்பலிலேயே சோதித்தார். நிக்கல் பட்டகம் ஒன்றால் பிரதிபலித்த ஒளியை விலக்கிய பின்னும் நீலம் மறையவில்லை. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று தெளிந்தார். நீர் செந்நிறத்தை விழுங்குவதும் அந்நீலத்துக்கு முக்கிய காரணம் என்று பின்வந்தோர் கண்டனர். எனினும் கடல் தன் நிறத்துக்கு வானத்திடம் கடன்பட்டதன்று என்ற அவர் முடிவு நிலைத்தது.

அவ்வழியே சென்றதன் பயன், கே. எஸ். கிருஷ்ணன் துணையுடன் 1928 பிப்ரவரி 28-ல் கண்ட ராமன் விளைவும், 1930-ல் பெற்ற நோபல் பரிசும். பின்னர் பெங்களூரில் நாகேந்திர நாத்துடன் சேர்ந்து, செவிக்கெட்டாத ஒலி திரவத்தில் எழுப்பும் அடர்த்தி அலைகள் ஒளியைப் பிரிக்கும் விதத்தையும் விளக்கினார். 1970-ல் அவர் மறைந்தார்.

அவர் கருவிகள் எளியவை என்பதை யாவரும் வியக்கின்றனர். அந்த வியப்பு ஆராய்ச்சிக்குப் பொருள் தர மறுப்போர்க்குச் சாக்காகிவிடலாகாது. உத்தியோகஸ்தராயிருந்த ஓர் இளைஞருக்கு மாலை வேளையில் ஒரு கதவு திறந்திருந்தது. அக்கதவைத் திறந்து வைத்தது சுதேசிகளின் நன்கொடை. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் அறிவு மிக்க இளைஞர்களுக்குக் குறைவில்லை. பகலெல்லாம் பிழைப்புக்கு உழைப்பவனும் மாலையில் நுழையத்தக்க ஆராய்ச்சிசாலைகளை ஊர்தோறும் அமைப்பதே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதையாகும்.