தீவுக்கு வந்த உறவினர்கள்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக் கழிமுகத்துக்கும் கொள்ளிடக் கழிமுகத்துக்கும் இடையே விரிந்து கிடக்கிறது பிச்சாவரம். அலையாத்திக் காட்டின் ஓடைகளுக்குள் படகு நுழைந்த சில நிமிடங்களில் கரை கண்ணிலிருந்து மறைந்துவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரியான மரங்கள், ஒரே மாதிரியான நீர். படகோட்டியைத் தவிர வேறு எவருக்கும் வழி தெரியாது. அதுவரை முகம் பாராமல் அமர்ந்திருந்த பயணிகள் அப்போதுதான் ஒருவரையொருவர் உற்றுப் பார்க்கத் தொடங்குவார்கள். தீவு மனிதரிடம் ஏற்படுத்தும் மாற்றம் அது. வெளியேறும் வழி நம் கையில் இல்லை என்றால், பக்கத்தில் இருப்பவர் யார் என்னும் கேள்வி எழுந்துவிடுகிறது.

இந்தக் கேள்வியை வைத்துத்தான் பெருநகரங்களில் இப்போது ஒரு விளையாட்டு நடத்துகிறார்கள். முன்பின் அறியாத சிலர் ஒரு மாளிகையில் கூடுகின்றனர். ஒவ்வொருவருக்கும் ஒரு வேடமும், மறைக்க வேண்டிய ஒரு கடந்த காலமும் எழுதித் தரப்படுகின்றன. கதவு அடைக்கப்படுகிறது. ஒருவர் கொல்லப்பட்டதாக அறிவிப்பு வருகிறது. கொலையாளி அவர்களுள் ஒருவர்தான். அவரைக் கண்டுபிடிப்பதே ஆட்டம்.

இந்த ஆட்டத்துக்கு வடிவம் தந்த கதைகளுள் முதன்மையானது, அகதா கிறிஸ்டி 1939-இல் வெளியிட்ட புதினம். அறிமுகமற்ற பத்துப் பேர் ஒரு தீவுக்கு வரவழைக்கப்பட்டு ஒருவர்பின் ஒருவராக மடியும் அக்கதை உலக மொழிகள் பலவற்றில் மறுபிறவி எடுத்தது. 1965-இல் வெளிவந்த கும்நாம் என்னும் இந்திப் படம் அதன் சாயலில் எடுக்கப்பட்டது. தமிழில் அதைத் தம் போக்கில் மாற்றி, நடு இரவில் என்னும் பெயரில் 1970-இல் திரைக்குக் கொண்டுவந்தவர், வீணை எஸ். பாலசந்தர்.

வீணைக் கலைஞராகவே இன்று பெரிதும் நினைவுகூரப்படும் அவரது வாழ்வில் திரைப்படம் ஒரு சிறு பகுதி என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் அந்தச் சிறு பகுதியில் அவர் எழுப்பிவிட்டுச் சென்ற கேள்வி சிறியதன்று.

1927 ஜனவரி 18 அன்று சென்னை மயிலாப்பூரில் பிறந்தார் பாலசந்தர். தந்தை சுந்தரம் ஐயர் வழக்குரைஞர். கலைஞர்கள் வந்துபோகும் வீடு அது. அண்ணன் எஸ். ராஜம் பின்னாளில் இசையிலும் ஓவியத்திலும் பெரும்பெயர் பெற்றவர். 1934-இல் வெளியான சீதா கல்யாணம் படத்தில் ராஜம் இராமராகவும், சகோதரி ஜெயலட்சுமி சீதையாகவும் நடித்தனர். இராவணன் அவையில் இசைக்கும் சிறுவனாகப் பாலசந்தரும் தோன்றினார். அன்று அவர் கையில் இருந்தது கஞ்சிரா.

அதன்பின் அவர் கைக்கு வராத கருவி அரிது. தபலா, மிருதங்கம், ஆர்மோனியம், தில்ரூபா, சித்தார் என ஒவ்வொன்றாகத் தாமே பழகினார். பதினைந்து வயதளவில் சென்னை வானொலி நிலையத்தில் கலைஞராகச் சேர்ந்தார். இத்தனைக்குப் பிறகே வீணையைத் தொட்டார்; தொட்டபின் அதை விடவில்லை. கருநாடக இசையில் குரு இல்லாமல் தேர்ச்சி பெறுவது வியப்புக்குரியது என்பதைவிட, பலருக்கு ஐயத்துக்குரியது. அவர் பிறந்த இரண்டே ஆண்டுகளில், 1929-இல், சிதம்பரத்தில் இராஜா அண்ணாமலை செட்டியார் தொடங்கிய இசைக் கல்லூரி, இசையை முறையான பாடத்திட்டமாக்கிக் கற்பிக்கும் காலத்தைத் திறந்து வைத்தது. பாலசந்தரோ குருகுலத்தின் வழியும் செல்லவில்லை. கல்லூரியின் வழியும் செல்லவில்லை. தம் செவியையே ஆசானாகக் கொண்டார். தந்தியை இழுத்து ஒரே மெட்டில் பல சுரங்களை வாய்ப்பாட்டின் நெளிவோடு பேசவைக்கும் அவரது பாணி அப்படி உருவானதுதான்.

சிறுவயதிலேயே அவருக்குச் சதுரங்கத்தில் பெரும் ஈடுபாடு இருந்தது. எதிராளியின் அடுத்த நகர்வை ஊகிப்பதும், தம் நோக்கத்தை இறுதிவரை மறைத்து வைப்பதும் அந்த ஆட்டத்தின் இலக்கணம். மர்மக் கதையின் இலக்கணமும் அதுவே.

1948-இல் இது நிஜமா படத்தில் இரட்டை வேடம் ஏற்று இசையும் அமைத்தார். அதே ஆண்டில் என் கணவர் படத்தை இயக்கினார். 1951-இல் கைதி வந்தது. ஆயினும் அவர் பெயரைத் திரை வரலாற்றில் நிலைநிறுத்தியது, ஏ.வி.எம். நிறுவனத்துக்காக அவர் இயக்கிய அந்த நாள். 1954 ஏப்ரல் 13 அன்று வெளியான அப்படத்தில் ஒரு பாட்டும் இல்லை, நடனமும் இல்லை, சண்டையும் இல்லை. ஒரு படத்தில் இருபது பாடல்கள் இருந்தாலும் மக்கள் குறைகூறாத காலம் அது. அக்காலத்தில், தாமே ஓர் இசைக்கலைஞராக இருந்த ஒருவர், பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படத்தை எடுத்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. எங்கே இசை தேவையில்லை என்று தெரிவதும் இசையறிவின் ஒரு கூறுதான் போலும்.

1943-இல் சப்பானிய விமானம் சென்னைமீது குண்டு வீசியதை அடுத்த காலை, ராஜன் என்னும் வானொலிப் பொறியாளர் தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். மனைவி, தம்பி, தம்பி மனைவி, காதலி, அடுத்த வீட்டுக்காரர் என ஐவர்மீது ஐயம் விழுகிறது. ஒவ்வொருவர் சொல்லும்போதும் நடந்தது வேறொன்றாகத் தெரிகிறது. முடிவில் துப்பறியும் அதிகாரி ஐவரையும் ஒருங்கே கூட்டி, யார் கொலையாளி என்று அவர்களையே வாக்களிக்கச் செய்கிறார். இன்று விடுதிகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் ஆட்டத்தைத் தமிழ்த்திரை அன்றே ஆடிவிட்டது எனலாம். ஜாவர் சீதாராமனின் உரையாடலும், நாட்டுக்கு இரண்டகம் செய்யும் நாயகனாகச் சிவாஜி கணேசன் துணிந்து ஏற்ற வேடமும், பண்டரிபாயின் அடக்கமான நடிப்பும் அப்படத்தை உயர்த்தின. வெளியானபோது வணிக வெற்றி கிட்டவில்லை. தேசிய விருதுகளில் நற்சான்றிதழ் கிடைத்தது. காலம் அதற்குரிய இடத்தைப் பின்னர் தந்தது.

அவனா இவன் 1962-இலும், பொம்மை 1964-இலும் வந்தன. வெடிகுண்டு ஒளித்து வைக்கப்பட்ட ஒரு பொம்மை கைமாறிக் கைமாறிச் செல்வதே பொம்மையின் கதை. படம் முடிந்தபின் நடிகர்களோடு திரைக்குப் பின்னால் உழைத்தோரையும் தாமே மக்களுக்கு அறிமுகம் செய்து வைத்தார் அவர். கே.ஜே. யேசுதாஸின் குரல் தமிழ்த்திரையில் ஒலிக்கத் தொடங்கியதும் அப்படத்தில்தான்.

அடுத்து வந்தது நடு இரவில். சுற்றத்தை விட்டு விலகி, மனநலம் குன்றிய மனைவியோடு ஒரு தீவில் வாழ்கிறார் ஒரு செல்வர். அவருடைய நாள்கள் எண்ணப்படுகின்றன என்று மருத்துவர் அறிகிறார். பிரிந்துபோன உறவினர்கள் தீவுக்கு அழைக்கப்படுகின்றனர். அவர்கள் வந்ததும் கொலைகள் தொடங்குகின்றன. மேஜர் சுந்தரராஜன் செல்வராகவும், பண்டரிபாய் மனைவியாகவும் நடிக்க, மருத்துவர் வேடத்தைப் பாலசந்தரே ஏற்றார். இயக்கமும் இசையும் அவருடையவை. முடிவை அறியாத வாசகர்களின் இன்பத்தைக் கெடுக்க விரும்பாததால் கதையை இவ்வளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

இங்கேதான் அவரது தனித்தன்மை வெளிப்படுகிறது. மூலக்கதையில் தீவுக்கு வருவோர் அந்நியர்கள். கும்நாம் படத்திலும் பரிசுப் பயணத்தில் சேர்ந்த அந்நியர்களே சிக்குகின்றனர். பாலசந்தர் மட்டும் அந்நியரை உறவினராக்கினார்.

தழுவல் என்பது கடன் வாங்குவதா, களவாடுவதா என்னும் வழக்கு தமிழில் பழையது. கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்த புதுமைப்பித்தன், மொழிபெயர்ப்பை வரவேற்றுத் தழுவலைக் கடுமையாகச் சாடியவர். பிறநாட்டுக் கதைக்கு வேட்டி கட்டிவிட்டால் அது தமிழ்க்கதை ஆகிவிடாது என்பதே அந்த வாதத்தின் உட்பொருள். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும், பாலசந்தர் செய்தது உடை மாற்றம் அன்று, உயிர் மாற்றம். நம் சமூகத்தில் முன்பின் தெரியாத பத்துப் பேரை அஞ்சுவதற்குக் காரணம் வேண்டும். சொத்தும் மானமும் கலந்துவிட்ட இடத்தில் உறவினரை அஞ்சுவதற்குத் தனியே காரணம் வேண்டியதில்லை. ஒரே பந்தியில் உண்டவர்கள், ஒரே திண்ணையில் உறங்கியவர்கள், ஒருவர் மனத்தில் இருப்பதை மற்றவர் அறியாமலே வாழ்ந்து முடிப்பது நாம் காணாததா? அந்த நாள் படத்தின் ஐவரும் இறந்தவரோடு நெருங்கிப் பழகியவர்கள்தாம். கொலையாளியை வெளியில் தேடாதீர்கள், வீட்டுக்குள் பாருங்கள் என்பதே அவர் படங்கள் சொல்லாமல் சொன்ன செய்தி.

அது வெறும் திரைச் செய்தி அன்று என்பதற்குக் கடலூர் மாவட்டமே சான்று. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஓர் இளைஞர், வேறு சாதியைச் சேர்ந்த பெண்ணைக் காதலித்துக் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். 2003 ஜூலையில் விருத்தாசலத்தை அடுத்த அவர்களுடைய ஊரில் இருவரும் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர். கொன்றவர்களுள் பெண்ணின் தந்தையும் அண்ணனும் இருந்தனர். நடந்தது ஊரறிய, ஆனால் ஊர் பேசவில்லை. உண்மையைக் காக்க வேண்டிய காவல்துறையினர் சிலரே அதை மறைக்கத் துணைபோயினர். மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்து, 18 ஆண்டுகளுக்குப் பிறகு 2021-இல்தான் கடலூர் நீதிமன்றம் தண்டனை வழங்கியது. 2025-இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. அங்கே கொலையாளி யார் என்பது மர்மமாக இருந்ததே இல்லை. அறிந்தவர்கள் எப்போது வாய் திறப்பார்கள் என்பதே மர்மமாக இருந்தது. கடல் சூழ்ந்தால்தான் தீவு என்பதில்லை. மௌனம் சூழ்ந்தாலும் ஊர் தீவாகிவிடும்.

நடு இரவில் படத்துக்குப் பின் பாலசந்தர் படம் இயக்கவில்லை. வீணை அவரை முழுமையாக ஆட்கொண்டது. பல நாடுகளுக்குச் சென்று வாசித்தார். 72 மேளகர்த்தா இராகங்களையும் வீணையில் பதிவு செய்தார். 1982-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

ஆனால் துப்பறியும் மனம் அவரை விட்டு அகலவில்லை. சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் கீர்த்தனைகள் உண்மையில் யாருடையவை என்ற ஐயத்தை எழுப்பி, ஆவணங்களைத் திரட்டி, இசையுலகின் பெரியோரோடு ஓயாமல் வழக்காடினார். அவருடைய முடிவை ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை. அவருடைய கடுமையான மொழியும் நண்பர்களைக் குறைத்தது. ஆனாலும் ஒரு சபையில் எல்லாரும் ஒன்றை நம்பும்போது, சான்று எங்கே என்று எழுந்து கேட்பதற்குத் தனித் துணிவு வேண்டும். அத்துணிவுக்கு அவர் கொடுத்த விலை தனிமை. தீவின் கதையைச் சொன்னவரே இறுதியில் இசையுலகில் ஒரு தீவாக நின்றார்.

1990-இல் இசைப் பயணமாகப் பிலாய் நகருக்குச் சென்றிருந்தபோது மாரடைப்பால் மறைந்தார். வயது 63. அன்றும் ஏப்ரல் 13. அந்த நாள் வெளியான அதே நாள்.

வேடம் கட்டிக்கொண்டு கொலையாளியைத் தேடும் விளையாட்டில் கதவு திறந்ததும் அனைவரும் சிரித்துக்கொண்டே வீடு திரும்புகின்றனர். இறந்தவரும் எழுந்து உடன் வருகிறார். வாழ்க்கையில் அப்படி நேர்வதில்லை. ஆகவே விளையாட்டை ஆடுவோர், ஓய்வு கிடைக்கும்போது பாலசந்தரின் அவ்விரு படங்களையும் ஒருமுறை பார்க்கலாம். பார்த்து முடித்தபின், கொலையாளி யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்திருக்கும். அறிந்தும் பேசாதிருப்பவர் யார் என்ற கேள்வி மட்டும் நம்மோடு வீட்டுக்கு வரும். அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.