ரேடார் தந்த ராபர்ட் வாட்சன்-வாட்

இருளில் பறக்கும் வௌவால் சுவரில் மோதிக்கொள்வதில்லை. தான் எழுப்பும் ஒலி எதிரொலித்துத் திரும்புவதைக் கேட்டே அது வழி அறிகிறது. இதை நாம் அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். ஒலிக்குப் பதிலாக வானொலி அலைகளை அனுப்பி, அவை ஒரு பொருளின் மீது பட்டுத் திரும்புவதைக் கொண்டு அதன் இருப்பிடத்தை அறியும் கருவியே ரேடார். இக்கருவியை ஒரு நாட்டையே காக்கும் அரணாக மாற்றிய பெருமை சர் ராபர்ட் வாட்சன்-வாட் என்னும் பொறியியல் அறிஞரைச் சாரும். அவருடைய வாழ்வைச் சற்றே காண்போம்.

இளமைப் பருவம்

ஸ்காட்லாந்து நாட்டில் பிரிக்கின் என்னும் சிற்றூரில், 1892ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், ஒரு தச்சரின் மகனாக அவர் பிறந்தார். டண்டீ நகரின் கல்லூரியில் பொறியியல் பயின்று 1912இல் பட்டம் பெற்றார். அங்கே பேராசிரியர் ஒருவர் ஊட்டிய ஆர்வத்தால் அவர் உள்ளம் வானொலி அலைகளை நாடிற்று.

1915இல் வானிலைத் துறையில் பணியில் சேர்ந்தார். அக்காலத்து விமானங்கள் மிகவும் மெல்லியவை. இடிமழையில் சிக்கினால் விமானியின் உயிருக்கே ஆபத்து. மின்னல் தோன்றும்போது வானொலி அலைகளும் எழுகின்றன. அவற்றைப் பிடித்து, புயல் எத்திசையில் உள்ளது என்று முன்கூட்டியே விமானிகளுக்குச் சொல்ல இயலுமா என்று அவர் ஆராய்ந்தார். மின்னலின் அலைகளோ கண நேரத்தில் மறைவன. ஆகவே பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் இருந்தது போன்ற கேத்தோடு கதிர்க் குழாயின் திரையில் அவற்றைக் கண்ணால் காணும்படி செய்தார். இப்பயிற்சியே பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

தவறான கேள்வி, சரியான விடை

1930களில் ஐரோப்பாவைப் போர் மேகங்கள் சூழ்ந்தன. எதிரியின் விமானிகளைத் தொலைவிலிருந்தே அழிக்கும் மரணக் கதிர் ஒன்றை உண்டாக்க முடியுமா என்று பிரிட்டனின் விமானத் துறையினர் 1935ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாட்சன்-வாட்டைக் கேட்டனர். அவர் தம் உதவியாளர் அர்னால்டு வில்கின்ஸிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார். சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள எட்டு பைண்ட் நீரை 98 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 105 டிகிரிக்குச் சூடேற்ற எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதே அது. மனித உடலின் இரத்தமே அந்த நீர் என்பதை வில்கின்ஸ் புரிந்துகொண்டார். கணக்கிட்டுப் பார்த்ததில், அத்தகைய கதிர் நடவாத காரியம் என்று தெரிந்தது.

இத்துடன் அவர்கள் நின்றிருந்தால் ரேடார் பிறந்திராது. விமானங்கள் பறக்கும்போது வானொலி அலைகள் குலைகின்றன என்று அஞ்சல் துறைப் பொறியாளர்கள் முன்பே கண்டிருந்தது வில்கின்ஸின் நினைவுக்கு வந்தது. அப்படியானால் விமானத்தை அழிக்க முடியாவிட்டாலும், அது வருவதை அறியலாமே! இக்கருத்தை வாட்சன்-வாட் அரசுக்கு எழுதி அனுப்பினார்.

அதே ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் சோதனை நடந்தது. டேவன்ட்ரி வானொலி நிலையத்தின் அலைகள் வானில் பரவ, ஹேஃபோர்டு விமானம் ஒன்று பறந்தது. வயல்வெளியில் நின்ற வண்டிக்குள் இருந்த திரையில், சுமார் 13 கிலோமீட்டர் தொலைவிலேயே விமானத்தின் வருகை தெரிந்தது.

கடற்கரைக் காவல்

வானொலி அலை ஒரு வினாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே அது சென்று திரும்ப ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகுமானால், பொருள் 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பது கணக்கு. இந்த அடிப்படையில் இங்கிலாந்தின் கடற்கரையோரம் 360 அடி உயரக் கோபுரங்கள் எழுந்தன. இன்னும் சிறந்த கருவிக்காகக் காத்திராமல், கையில் இருப்பதைக் காலத்தில் கொடுப்பதே நன்று என்பது வாட்சன்-வாட்டின் கொள்கை. 1939இல் போர் மூண்டபோது சுமார் 20 நிலையங்கள் ஆயத்தமாக இருந்தன.

1940இல் ஜெர்மானிய விமானங்கள் கூட்டங்கூட்டமாகப் படையெடுத்தன. பிரிட்டனிடம் போர் விமானங்கள் குறைவு. எனினும் எதிரி வரும் திசையும் தொலைவும் முன்பே தெரிந்ததால், அவற்றை வீணே பறக்கவிடாமல் தக்க நேரத்தில் அனுப்ப முடிந்தது.

பெண்களாகிய நாம் பெருமைப்பட வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. ரேடார்த் திரையைப் பொறுமையுடன் கவனிக்கப் பெண்களும் ஏற்றவர்களே என்று வாட்சன்-வாட் நம்பினார். இளம் பெண்கள் பலர் இரவும் பகலும் அப்பணியில் ஈடுபட்டனர். 1940 ஆகஸ்ட் 18 அன்று போலிங் நிலையத்தின் மீது குண்டுகள் விழுந்தபோதும், ஏவிஸ் ஹெர்ன் என்னும் பெண் தொலைபேசியை விட்டு அகலாமல் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருந்தார். அதற்காக வீரப் பதக்கம் பெற்றார்.

பிற்காலம்

1942இல் வாட்சன்-வாட்டுக்கு சர் பட்டம் கிடைத்தது. பின்னாளில் கனடாவில் அவர் காரை விரைவாக ஓட்டியபோது, போலீசார் ரேடார் கருவியாலேயே அவரைப் பிடித்து அபராதம் விதித்தனராம்! 1973 டிசம்பர் 5ஆம் நாள், தமது 81ஆம் வயதில் இன்வர்னஸ் நகரில் காலமானார். அவர் பிறந்த ஊரில் 2014இல் சிலை வைக்கப்பட்டது.

ரேடார் அவர் ஒருவருடைய படைப்பு அன்று. 1904இலேயே ஜெர்மானியரான ஹூல்ஸ்மேயர் வானொலி அலைகளால் கப்பல்களைக் கண்டறிந்து காட்டினார். வில்கின்ஸின் கணக்கு இல்லையேல் வாட்சன்-வாட்டின் புகழும் இல்லை. காக்கப் பிறந்த ரேடாரே பின்னர் இருளிலும் ஜெர்மனியின் நகரங்களைக் கண்டு குண்டுவீசவும் உதவியது. இதை எண்ணும்போது நம் மனம் வருந்துகிறது. கருவிக்கு நன்மை தீமை தெரியாது. அதைக் கையாளும் மனிதனே தெரிந்திருக்க வேண்டும்.

ஆயினும் இன்று சென்னையிலும் காரைக்காலிலும் வானிலை ரேடார்கள் வங்கக் கடலை நோக்கி நிற்கின்றன. புயல் வருகிறது என்று மீனவர்கள் முன்பே அறிந்து கரை சேர அவையும் உதவுகின்றன. இடிமழையிலிருந்து விமானிகளைக் காக்க விரும்பிய இளைஞரின் முதல் ஆசை, இவ்வாறு நம் கடற்கரையிலும் நிறைவேறுகிறது. கேட்டது இயலாது என்று உண்மையைச் சொல்லும் துணிவும், அப்படியானால் எது இயலும் என்று தேடும் ஊக்கமும் அவரிடம் இருந்தன. அவ்விரண்டையும் நாமும் கற்றுக்கொள்வோமாக!