பெஞ்சமின் ராபின்ஸ்

பெஞ்சமின் ராபின்ஸ் (1707 – ஜூலை 29, 1751) ஆங்கிலேயக் கணிதவியலாளரும் படைத்துறைப் பொறியியலாளரும் ஆவார். துப்பாக்கிக் குழலுக்கும் அதில் இடப்படும் ஈயக் குண்டுக்கும் உள்ள தொடர்பைச் சோதனைகள் மூலம் ஆராய்ந்து, நவீன எறியியலுக்கு அடித்தளமிட்டவர். கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமைப் பொறியாளராகத் தமிழகம் வந்த இவர் கடலூரில் காலமானார்.

இளமை

இங்கிலாந்தின் பாத் நகரில் எளிய குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார். கணிதத்தைப் பெரும்பாலும் தாமே கற்று, 1727 இல் இருபது வயதளவில் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1735 இல் நியூட்டனின் நுண்கணித முறைக்கு ஆதரவாக ஒரு நூல் எழுதினார். 1741 இல் நிறுவப்பட்ட ஊலிச் படைத்துறைக் கல்லூரியில் பேராசிரியர் பதவியை விரும்பினார், அது கிடைக்கவில்லை. பிரதமர் வால்போலுக்கு எதிராகத் துண்டு நூல்கள் எழுதியதே காரணம் எனக் கருதப்படுகிறது.

எறியியல் ஊசல்

1742 இல் பீரங்கியியலின் புதிய கோட்பாடுகள் பற்றிய நூலை வெளியிட்டார். தொங்கவிடப்பட்ட கனமான மரப்பலகையில் குண்டைச் சுட்டு, பலகை பின்னோக்கி ஊசலாடும் அளவை ஒரு நாடாவினால் அளந்து, உந்த விதியின்படி குண்டின் வேகத்தைக் கணக்கிடும் முறை அதில் விளக்கப்பட்டது. குண்டு வினாடிக்கு 1,600 அடிக்கும் மேலான வேகத்தில் செல்வது தெரியவந்தது. அவ்வேகத்தில் காற்றின் தடை குண்டின் எடையைப் போலப் பல மடங்கு இருப்பதையும் கண்டார். கலிலியோ கூறிய பரவளையப் பாதை உண்மையான குண்டுக்குப் பொருந்தாது என்பது இதனால் உறுதியாயிற்று. இந்நூலை ஆய்லர் 1745 இல் விரிவான உரையுடன் செருமன் மொழியில் பெயர்த்தார். 1746 ஆம் ஆண்டிற்கான கோப்லி பதக்கம் ராபின்சுக்கு வழங்கப்பட்டது.

குழலும் குண்டும்

அக்காலத் துப்பாக்கிகளின் உட்புறம் வழவழப்பானது. வாய் வழியாக எளிதில் இடுவதற்காக, அச்சில் வார்த்த குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியதாகவே இருக்கும். ஆகவே அது சுவரின் ஒரு பக்கத்தில் உராய்ந்து, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அச்சில் சுழன்றபடி வெளியேறும். குறி தவறுவதற்கு இச்சுழற்சியே காரணம் என்றார் ராபின்ஸ். இதை மெய்ப்பிக்க ஒரு குழலின் முனையை இடப்புறமாக வளைத்து, வழியில் மெல்லிய தாள்த் திரைகளை நிறுத்திச் சுட்டார். குண்டு முதலில் இடப்புறம் சென்று, பின்னர் வலப்புறமாகத் திரும்பியது! குறைபாடுள்ள குண்டே காரணம் என்று ஆய்லர் இதனை ஏற்கவில்லை; பெரியவர்களும் தவறுவதுண்டு. ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஆராய்ந்த மேக்னசின் பெயரையே இவ்விளைவு இன்று தாங்கியுள்ளது.

1747 இல் அரச கழகத்தில் படித்த கட்டுரையில், உட்புறம் திருகுபுரிப் பள்ளங்கள் வெட்டப்பட்ட ரைபிள் குழலை ஆராய்ந்தார். ஈயம் மென்மையானது. குழலைவிடச் சற்றுப் பெரிய குண்டை அடித்து இறக்கினால், அது பள்ளங்களின் வடிவத்தை ஏற்றுச் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலும். ஆனால் அவ்வாறு அடித்து இறக்குவது கடினமான, நேரமெடுக்கும் வேலை. செருமனியிலும் சுவிட்சர்லாந்திலும் எண்ணெயிட்ட தோல் அல்லது துணித்துண்டில் குண்டைச் சுற்றி இறக்கினர். குழலின் பின்புறம் வழியாகக் குண்டை இடுவதே சிறந்தது என்பது ராபின்சின் முடிவு. முட்டை வடிவக் குண்டையும் பரிந்துரைத்தார். ரைபிளின் இயல்பை முதலில் முழுதாக உணரும் நாடு போரில் மேலோங்கும் என்றும் முன்னுரைத்தார். படைகள் பெருமளவில் ரைபிளுக்கு மாறியதோ 1850களில்தான். அவ்வாறு இந்தியா வந்த என்பீல்டு ரைபிளின் கொழுப்புத் தடவிய தோட்டா 1857 எழுச்சிக்கு ஒரு காரணமானது.

தமிழகத்தில்

1746 இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றி, 1749 இல் திருப்பிக் கொடுத்தனர். கோட்டைகளின் பலவீனத்தை உணர்ந்த கம்பனி ராபின்சை நியமித்தது. 1750 சூலையில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டையை அடைந்தார். அக்கோட்டைக்கும் சென்னைக் கோட்டைக்கும் அரண் திட்டங்கள் வகுத்தார். ஆனால் இந்நாட்டின் தட்பவெப்பம் அவர் உடலுக்கு ஒவ்வவில்லை. காய்ச்சலுற்று, வந்த ஓராண்டிலேயே இறந்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

புனித டேவிட் கோட்டையை 1758 இல் லாலி தலைமையிலான பிரெஞ்சுப் படை கைப்பற்றி இடித்தது. ரைபிள் பற்றிய கட்டுரை உள்ளிட்ட ராபின்சின் எழுத்துக்களை அவரது நண்பர் சேம்சு வில்சன் 1761 இல் இரு தொகுதிகளாக இலண்டனில் வெளியிட்டார்.