பூமி சூடாகும் என்று பென்சிலால் கணக்குப் போட்டவர்: யார் இந்த அர்ஹீனியஸ்?

பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் 'அர்ஹீனியஸ் சமன்பாடு' படித்தது ஞாபகம் இருக்கிறதா? பரீட்சை முடிந்ததும் மறந்திருப்பீர்கள். ஆனால் கார்பன் உமிழ்வைக் குறைக்க இன்று நடக்கும் ஆய்வுகளில் அந்தப் பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறது.

குறைந்த மார்க், பிறகு நோபல்

ஸ்வாந்தே அர்ஹீனியஸ் 1859-ல் சுவீடனின் உப்சாலா அருகே பிறந்தார். உப்பு தண்ணீரில் கரையும்போது மின்னூட்டம் கொண்ட அயனிகளாகப் பிரிகிறது என்று சொன்னவர் இவர்தான். இந்தக் கருத்துக்கு அடித்தளம் போட்ட 1884-ஆம் ஆண்டு ஆய்வேட்டுக்கு உப்சாலா பல்கலைக்கழகம் தந்தது ரொம்பக் குறைந்த தரம். ஆனால் வெளிநாட்டு வேதியியலாளர்கள் அதன் மதிப்பைப் புரிந்துகொண்டார்கள். அதே கோட்பாட்டுக்காக 1903-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நோபல் வாங்கிய முதல் சுவீடன்காரர் இவர்தான்.

கார்பன் பக்கம் எப்படி வந்தார்?

பனியுகம் ஏன் வந்தது என்ற கேள்விதான் அவரை இழுத்தது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் பூமி எவ்வளவு குளிரும்? கூடினால் எவ்வளவு சூடாகும்? நிலவிலிருந்து வரும் வெப்பக் கதிர்களை அமெரிக்காவின் சாமுவேல் லாங்லி அளந்து வைத்திருந்தார். அந்த எண்களை எடுத்துக்கொண்டு, பூமியின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியாக, ஏறக்குறைய ஒரு வருடம் கையாலேயே கணக்குப் போட்டார். அதே காலத்தில்தான் அவருடைய திருமணமும் முறிந்தது.

1896-ல் விடை வெளியானது. கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் வெப்பநிலை 5 முதல் 6 டிகிரி வரை உயரும் என்றார். இன்றைய விஞ்ஞானிகளின் மதிப்பீடு சுமார் 3 டிகிரி. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துக்கு இது ஆச்சரியமான நெருக்கம்.

எங்கே சறுக்கினார்?

வேகத்தில். அன்றைக்கு எரிந்த நிலக்கரியை வைத்துப் பார்த்து, பெரிய மாற்றம் வர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று நினைத்தார். நிலக்கரிப் பயன்பாடு எகிறுவதைப் பார்த்த பிறகு, சில நூற்றாண்டுகள் போதும் என்று மாற்றிக்கொண்டார். பூமி கொஞ்சம் சூடானால் குளிர் நாடுகளுக்கும் விவசாயத்துக்கும் நல்லதுதான் என்பது அவர் எண்ணம். அவர் காலத்தில் பத்து லட்சம் பங்கு காற்றில் 300 பங்குக்கும் குறைவாக இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

இன்றைக்கு அவர் எதற்கு?

வெயில் காலத்தில் இட்லி மாவு சீக்கிரம் புளிக்கிறது, ஃபிரிட்ஜில் வைத்தால் அப்படியே இருக்கிறது இல்லையா? வெப்பநிலைக்கும் வினையின் வேகத்துக்கும் உள்ள இந்த உறவைத்தான் 1889-ல் அவர் சமன்பாடாக எழுதினார்.

அனல் மின் நிலையப் புகையை அமீன் கரைசல் வழியாக விட்டால், சுமார் 40 டிகிரியில் அது கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும். 120 டிகிரிக்குச் சூடாக்கினால் விட்டுவிடும். அந்தச் சூட்டுக்கே நிலையத்தின் ஆற்றலில் ஒரு பங்கு செலவாகிறது. அதனால்தான் இந்தத் தொழில்நுட்பம் காஸ்ட்லி. எந்தக் கரைசல் வேகமாகப் பிடிக்கும் என்று கணக்கிட அவருடைய சமன்பாடு உதவுகிறது. 2016-ல் தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலை, நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து சோடா உப்பு தயாரிக்க ஆரம்பித்தது.

உங்கள் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரிக்குள் ஓடுவதும் அயனிகள்தான். வெயிலில் அதன் ஆயுள் எவ்வளவு குறையும் என்று மதிப்பிடவும் அதே சமன்பாட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அர்ஹீனியஸ் 1927-ல் இறந்தார். வினைகளின் வேகத்தைக் கணித்த அவரால் மனிதர்கள் நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்போகும் வேகத்தைக் கணிக்க முடியவில்லை. அந்த வேகத்தைக் குறைக்கும் வேலை இப்போது நம் தலைமுறையிடம் வந்திருக்கிறது.