சூனியக்காரருக்கு மதம் தந்த சுங்க அதிகாரி!

1964-ம் ஆண்டு, பிப்ரவரி 12-ந் தேதி. லெபனானிலிருந்து இங்கிலாந்து நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது ஒரு கப்பல். அதில் பிரயாணம் செய்த 79 வயதுக் கிழவர் ஒருவர், காலை உணவருந்த அமர்ந்த இடத்திலேயே சாய்ந்தார். இருதயம் நின்றுவிட்டது. அடுத்த துறைமுகம் துனிஸ். அங்கேயே அவரை அடக்கம் செய்தார்கள். உற்றார் இல்லை, சீடர் இல்லை. கப்பல் தலைவர் ஒருவரே உடன் நின்றார்.

யாருமற்றவர் போல் மண்ணுக்குள் போன அவர்தான் ஜெரால்டு கார்ட்னர். 'விக்கா' என்ற மதத்தை உலகறியச் செய்தவர்.

சூனியக்காரி என்று பட்டம் கட்டி, ஏழைக் கிழவிகளைத் தூக்கில் போட்ட நாடு இங்கிலாந்து. அந்த நாட்டிலே, தாம் ஒரு சூனியக்காரர் என்று பத்திரிகைக்காரர்களிடம் பகிரங்கமாகச் சொல்லிக்கொள்ளும் துணிச்சல் இவருக்கு எப்படி வந்தது?

மூச்சுத் திணறிய பிள்ளை

கார்ட்னர் 1884-ல் லிவர்பூல் நகருக்கு அருகே பிறந்தார். மர வியாபாரத்தில் பொருள் குவித்த குடும்பம். என்ன இருந்து என்ன? பிள்ளைக்கு ஆஸ்துமா! குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு வயதிலேயே ஆயாவுடன் வெயில் நாடுகளுக்கு அனுப்பிவைத்தார்கள். பள்ளிக்கூடப் படிப்பு என்பதே இல்லை. கையில் கிடைத்த சஞ்சிகைகளைப் புரட்டி, எழுத்துக் கூட்டி, தாமாகவே படிக்கக் கற்றுக்கொண்டார்.

அந்த ஆயா ஒரு தேயிலைத் தோட்டக்காரரை மணந்து இலங்கைக்குப் போனபோது, கார்ட்னரும் உடன் போனார். தமிழ்த் தொழிலாளர்கள் பாடுபட்ட அந்த மலைநாட்டில் தோட்ட வேலை பழகினார். 1908-ல் போர்னியோ, 1911-ல் மலேயா. ரப்பர் தோட்டங்களில் உழைத்தபின், 1923-ல் சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது. சுங்க இலாகாவில் ரப்பர், அபின் வியாபாரங்களைக் கண்காணிக்கும் வேலை.

மற்றத் துரைமார்கள் பொழுது சாய்ந்தால் கிளப்புக்குப் போனார்கள். கார்ட்னரோ ஊர் மக்களிடம் போனார். அவர்கள் தெய்வம் ஆடுவதையும், ஆவிகளை அழைப்பதையும் கூர்ந்து கவனித்தார். மலாய்க்காரர் தெய்வாம்சம் உள்ளதாகப் போற்றும் 'கிரிஸ்' என்ற குத்துவாளைப் பற்றி ஆராய்ந்து, 1936-ல் சிங்கப்பூரில் ஒரு நூல் வெளியிட்டார். பள்ளிக்கே போகாதவர் எழுதிய அந்த நூலை அறிஞர்கள் மதித்தனர்.

காட்டோரத்து ரகசியம்

அதே ஆண்டில் ஓய்வு பெற்று மனைவியுடன் தாய்நாடு திரும்பினார். நியூ பாரஸ்ட் என்னும் காட்டுப் பகுதியின் அருகே குடியேறினார். அங்கே 1939-ல் ஒரு ரகசியக் கூட்டத்தார் தமக்குத் தீட்சை அளித்ததாகவும், கிறிஸ்தவத்துக்கும் முற்பட்ட மதத்தின் கடைசி வாரிசுகள் அவர்கள் என்றும் பிற்காலத்தில் அவர் கூறினார்.

உடனே வெளியிட முடியவில்லை. மாந்திரீக சக்தி உண்டென்று சொல்லிக்கொள்வதைத் தண்டிக்கும் 1735-ம் ஆண்டுச் சட்டம் உயிரோடிருந்தது. ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன ஹெலன் டங்கன் என்ற மாதை, 1944-ல் அதே சட்டத்தின்கீழ் சிறைக்கு அனுப்பினார்கள். ஆகவே கார்ட்னர், 1949-ல் புனைபெயரில் ஒரு நாவலாக விஷயத்தைக் கோடி காட்டினார். 1951-ல் சட்டம் ரத்தாயிற்று. 1954-ல் சொந்தப் பெயரிலேயே நூல் எழுதி, இன்றைய சூனியக்காரர் யார் என்று விளக்கினார். மான் தீவில் மாந்திரீகப் பொருட்காட்சி சாலை ஒன்றையும் விலைக்கு வாங்கி நடத்தினார்.

அவர் சொன்ன மதத்தில் சாத்தானுக்கு இடமில்லை. ஒரு தேவி, கொம்புடைய ஒரு தேவன். பௌர்ணமி தோறும் கூடுவார்கள். தரையில் வட்டம் வரைந்து, கத்தியால் அதைப் புனிதமாக்கி உள்ளே நின்று வழிபடுவார்கள். பருவங்களையொட்டி ஆண்டுக்கு எட்டுப் பண்டிகைகள். பெண்ணே தலைமைப் பூசாரி. பிறருக்குத் தீங்கு செய்யலாகாது என்பது பிரதான விதி. ஆடையின்றி வழிபடும் வழக்கத்தைச் சில பத்திரிகைகள் பிடித்துக்கொண்டு தூற்றின.

உண்மை எது?

1953-ல் அவரிடம் தீட்சை பெற்றவர் டோரீன் வாலியன்ட். கெட்டிக்காரப் பெண்மணி. பழங்கால மந்திரம் என்று குரு கொடுத்தவற்றில், அலிஸ்டர் கிரௌலி என்ற மாந்திரீகர் எழுதிய வரிகள் கலந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்! அவற்றை நீக்கி, அழகிய சடங்குரைகளைத் தாமே இயற்றிச் சேர்த்தார். ஆனால் குருவின் விளம்பர ஆசை பிடிக்கவில்லை. 1957-ல் பிரிந்தார். பூசாரிணிக்கு வயதானால் இளையவளுக்கு இடம் விடவேண்டும் என்று குரு திடீரென்று காட்டிய 'பழைய சட்டம்' அவரை மேலும் கசக்கச் செய்தது.

சூனியக்காரிகள் ஒரு பழைய மதத்தைச் சேர்ந்தவர்கள் என்று 1921-ல் மார்கரெட் முர்ரே எழுதியதைச் சரித்திர அறிஞர்கள் பின்னர் தள்ளிவிட்டார்கள். கார்ட்னர் பாட்டன் சொத்து என்று காட்டியதில் பெரும்பகுதி அவரே தேடிச் சேர்த்த சொத்துத்தான்.

ஆயினும் சொத்து அழியவில்லை. 1986-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் விக்காவை மதமென்று ஒப்புக்கொண்டது. 2007-ல் அந்நாட்டுப் போர்வீரர் கல்லறைகளில் அதன் ஐம்முனை நட்சத்திரச் சின்னத்தைப் பொறிக்க அனுமதி கிடைத்தது. 2021 குடிக்கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 பேர் தம் மதம் விக்கா என்று எழுதினார்கள்.

பிறர் வாயிலிருந்து வந்தால் உயிரைப் பறித்த ஒரு சொல்லை, அந்த மக்கள் அச்சமின்றித் தம் கையாலேயே எழுதினார்கள். கார்ட்னர் சொன்ன பழங்கதை நிலைக்கவில்லை. அவர் கொடுத்த துணிவு நிலைத்தது.